புரட்டாசிச் சேறும் ஐப்பசித் தொழியும்

செப்டம்பர் 28, ஞாயிறு – நயினார்குளம்

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். இந்த வருஷம் இதுவரை காய்ந்த கதைதான். காலை ஆறு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு அந்த நேரத்தில் கிளம்பினால் சுலோசன முதலியார் பாலம் காலியாகக் கிடக்கும். 1843இல் அந்த மனுஷர் சொந்தக் காசில் கட்டிக்கொடுத்த பாலம். பகலில் அதில் வண்டியை ஓரங்கட்டி ஆற்றைப் பார்க்க முடியாது, பின்னால் வருகிற பஸ் விடாது. விடியற்காலையில் இரண்டு நிமிஷம் நிற்கலாம். தாமிரபரணியில் பாறைக்கு ஒன்றாக நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகன், “மாமா, இதையும் லிஸ்ட்ல போடவா?” என்றான். ஒன்பதாம் வகுப்பு. பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற ஈபேர்ட் செயலியில் பட்டியல் போடுகிற வேலை அவனுடையது. குளத்துக்குப் போய்ச் சேருமுன்பே பட்டியல் தொடங்கக் கூடாது என்பது என் சட்டம், அதை மீறுவது அவன் சட்டம்.

நயினார்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் டவுன்காரர்களே சிரிப்பார்கள். கரையிலேயே மொத்தக் காய்கறி மார்க்கெட். லாரி, லோடு ஆட்டோ, அழுகிய முட்டைக்கோஸ் வாடை. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லை கால்வாய்தான் இந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது, வருகிற வழியில் ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரில் மிதக்கிற அமலைச்செடி மூடிக் கிடக்கிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் மீதி எல்லாம் சௌகரியம்.

கார் நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்குத் தண்ணீர் திறக்காத இடைக்காலம் இது. குளம் வற்றி, ஓரத்தில் அகலமாகச் சேறு தெரிந்தது. அதைத்தான் நான் தேடி வந்தேன். குளம் பெருகிக் கிடந்தால், சேற்றோரத்தில் இரை தேடுகிற உள்ளான் வகைப் பறவைக்கு நிற்க இடமில்லை. அதன் கால் நீளம்தான் அதன் குளம். கொசு உள்ளானுக்கு விரல்கடை நனைந்தால் போதும். பொரி உள்ளானுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் அளவுத் தண்ணீரில் சிவப்புக் காலோடு நிற்கும். அதற்கு உள்ளே நாரை, அதற்கும் உள்ளே கூழைக்கடா. கரையில் நின்று பார்த்தால் ஆழம் அளக்காமலே ஆழம் தெரிந்துவிடும்.

இன்று பொரி உள்ளான்கள் வந்திருந்தன. முதுகில் அரிசிக்குருணை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, கேரட் தோலுக்கும் பாலிதீன் பைக்கும் நடுவில் புழு எடுத்துக்கொண்டிருந்தன. பெரியவை ஆடியிலேயே வரத் தொடங்கிவிடும், அந்த வருஷத்துக் குஞ்சுகள்தான் பிந்தி வரும். வழிகாட்ட ஆள் இல்லாமலே அவை வந்து சேர்கின்றன. பையனிடம் இதைச் சொன்னபோது, “ஸ்கூலுக்கு மட்டும் நான் தனியாப் போனா அம்மா விடமாட்டா” என்றான்.

பைனாகுலரைக் கண்டதும் மார்க்கெட்டிலிருந்து ஒரு லோடுமேன் வந்தார். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.

“என்ன அண்ணாச்சி, சர்வேயா?”

“இல்லண்ணாச்சி, பறவை பாக்கோம்.”

“பாத்து?”

இதற்கு எனக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் கிடையாது. எண்ணி எழுதி வைக்கிறோம் என்றேன். அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப ஆக்கிரமிப்பு எடுக்க வரலைல்லா?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு, போகும்போது பையன் கையில் இரண்டு தக்காளியைக் கொடுத்துவிட்டுப் போனார். தக்காளி நல்ல தக்காளி.

டீ 12 ரூபாய், ஆமவடை 8 ரூபாய். கடைக்காரர் வடையை மடித்துக் கொடுத்த தாளில் நேற்றைய ராசிபலன். எனக்கு ‘அலைச்சல்’ என்று போட்டிருந்தது.

அக்டோபர் 2, வியாழன் – நயினார்குளம்

ஆயுத பூஜைக்கு மறுநாள். மார்க்கெட் வாசலில் வாழைக்கன்றும் உடைத்த பூசணிக்காயுமாக வழுக்கியது. லாரிகளுக்கெல்லாம் பொட்டு.

இன்று ஒரே ஒரு பறவையை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். நத்தைகுத்தி நாரை. அதன் மேலலகும் கீழலகும் நடுவில் சேராது, பென்சில் நுழைகிற அளவு இடைவெளி. நத்தை ஓட்டை அதில் வைத்து நொறுக்கும் என்றுதான் நெடுநாளாகப் பலரும் நினைத்தார்கள். அது ஓட்டை உடைப்பதே இல்லை. தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்து, நத்தையைத் தரையோடு அமுக்கிப் பிடித்து, கூரான கீழலகு நுனியை மூடிக்குள் செருகி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கிற தசையை அறுத்துவிடுகிறது. பாதி வேலை தண்ணீருக்கு அடியில் நடப்பதால் நமக்குத் தெரிவது கழுத்தின் நடுக்கம் மட்டும்தான். அப்புறம் தலை மேலே வரும், அலகு நுனியில் வழவழவென்று ஒரு சதை, ஒரு உதறல், உள்ளே. காலடியில் ஓடு முழுசாகக் கிடக்கும். பக்கத்தில் ஓர் இளம்பறவை நின்றது. அதற்கு அலகில் இன்னும் இடைவெளி விழவில்லை. அதுவும் நத்தை எடுத்தது, ஆனால் பெரியதைவிட நேரம் ஆனது. எடுத்த நத்தையைத் தவறவிட்டு மறுபடி தேடியது.

அந்த லோடுமேன் தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த இன்னொருவரிடம், “சர்வே இல்லடே, கொக்கு எண்ணுதாவ” என்று அவரே விளக்கமும் கொடுத்துவிட்டார். இனி இந்தக் கரையில் எனக்குப் பாதுகாப்புக்குக் குறைவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு – கூந்தன்குளம்

மெட்ராஸிலிருந்து ஒரு சிநேகிதர் வந்திருந்தார். “திருநெல்வேலியில் பறவைன்னா கூந்தன்குளம்தானே, அங்க போகாம காய்கறி மார்க்கெட்டுக்கா கூப்பிடுறீங்க?” என்றார். அக்டோபரில் போகவேண்டிய இடம் அதுவல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அவர் போட்டோக்களைக் காட்டினார். பூநாரைக் கூட்டம், வரித்தலை வாத்து, மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டிய வேப்பமரம். எல்லாம் தை, மாசியில் எடுத்தவை. விருந்தாளி. சரி, போவோம்.

இரண்டு பைக்கில் மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனோம். திருநெல்வேலியிலிருந்து 38 கிலோமீட்டர் இருக்கும். வழியில் வேலிக்கு வேலி உடைமரம், வெயிலுக்குக் குறைச்சலே இல்லை. மூலைக்கரைப்பட்டியில் கருப்பட்டி காபி குடித்தோம், 15 ரூபாய். கருப்பட்டி வாசம் நிஜமாகவே இருந்தது, இப்போதெல்லாம் அது பெரிய விஷயம். இட்லிக்குக் கடைக்காரம்மா கேட்காமலே மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் வைத்தார். சிநேகிதர் மூன்றில் நிறுத்த நினைத்தார். அவருக்கு ஆறு விழுந்தது.

குளம் காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு குட்டையளவு தண்ணீர், அதைச் சுற்றி வெடித்த மண், அதில் ஆடுகள். பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றால் ஆடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. மழை பெய்து, மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாயில் வந்து சேர்ந்தால்தான் இங்கே குளம். அதுவரை பொட்டல்தான். 1994இல் சரணாலயம் ஆனது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. பலகை இருக்கிறது, தண்ணீர் இல்லை. குட்டையில் நாலைந்து நெடுங்கால் உள்ளான், கம்பியில் ஒரு பனங்காடை, ஆட்காட்டி ஒன்று எங்களைத் திட்டிக்கொண்டே கூட வந்தது. சிநேகிதர் பனங்காடையை விதவிதமாகப் படம் எடுத்தார். பாவம், 600 எம்எம் லென்ஸைச் சுமந்துகொண்டு வந்தவர் வேறு என்ன செய்வார்.

ஊருக்குள் வேப்பமரத்தடியில் ஓர் ஆச்சி உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். போன வருஷத்துக் கூடுகளின் சுள்ளி மரத்தில் இன்னும் தொங்கியது.

“இப்ப எதுக்கு வந்திய? தை பொறக்கட்டும், வாங்க. தலப்பிரசவத்துக்கு வார பிள்ளைக மாதிரி அதது மரத்துல அதது வந்து உக்காந்துரும்.”

“எச்சம் எல்லாம் வாசல்ல விழுமே ஆச்சி, நாத்தம் இருக்காதா?”

“இருக்கும். பிள்ளை பெத்த வீட்டுல நாத்தம் இருக்காதாக்கும்?”

சிநேகிதர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். இந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. பறவை இருக்கிற காலமாக இருந்தாலும் இல்லாத காலமாக இருந்தாலும் பழக்கத்தை மாற்றுவதில்லை என்றார் ஆச்சி. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் போட்டு வளர்ப்பதும் இங்கே புதுசு இல்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பது இவர்களுக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லித் தெரிந்ததல்ல. பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இத்தனை காலம் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

திரும்பும்போது கரையில் உடைமுள் ஏறி என் பின்சக்கரம் படுத்தது. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில், பஞ்சர் கடை மூலைக்கரைப்பட்டியில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கம்பை ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டு, “நீங்க ஹாண்டிலப் பிடிங்க, நான் தள்ளுதேன்” என்றார். கொஞ்ச தூரம் தள்ளியதும் ஒரு டாடா ஏஸை அவரே மறித்து, வண்டியை ஏற்றிவிட்டார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. “தைமாசம் வருவியல்லா, அப்ப ஒரு டீ வாங்கிக் குடுங்க.” டாடா ஏஸ்காரரும் வாங்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் 150 ரூபாய் வாங்கினார். முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, “இது நம்ம ஊர் ஆணி” என்றார்.

மத்தியானம் அக்கா வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். சிநேகிதர் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் அவரை நயினார்குளத்துக்குக் கூட்டிப் போய் அரை மணி நேரம் நிறுத்தினேன். மூக்கை மூடிக்கொண்டு பார்த்தார். மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். கூந்தன்குளத்தில் பார்க்க வந்தவை எல்லாம் சந்தைக் கரையில் நின்றன. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். நான் என்ன சொல்ல.

அக்டோபர் 12, ஞாயிறு – நயினார்குளம்

சேறு இன்னும் அகலமாகியிருக்கிறது. இந்த மாதிரி ஒரு காலை வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் போதும்.

நீலச்சிறகி வாத்துகள் வந்துவிட்டன. அமலை ஓரத்தில் பழுப்பாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தூங்கின. இந்தச் சமயத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி பழுப்பில் இருக்கும், ஆணுக்கு உடுப்பு மாற இன்னும் மாசக்கணக்கு இருக்கிறது. கண்ணுக்கு மேலும் கீழும் ஓடுகிற கோடுகளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பையன் எண்ணினான், நான் எண்ணினேன், இரண்டும் ஒத்துவரவில்லை. மூன்றாவது தடவை எண்ணும்போது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. மொத்தக் குளமும் எழுந்தது. நீலச்சிறகி, உள்ளான், நாமக்கோழிகூடத் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடியது. மேலே இரண்டு வட்டம், பருந்து அமலைக்குப் பின்னால் போனதும் எல்லாம் திரும்ப இறங்கின. முதல் இடத்தில் இல்லை, எதிர்க்கரையில்.

“மாமா, இப்ப?”

“மொதல்ல இருந்து.”

பச்சைக்காலி ஒன்று மூன்று தரம் கத்திவிட்டு எங்களுக்கு முன்னாலேயே வந்து இறங்கியது. மஞ்சள் வாலாட்டிகள் சேற்றில் ஓடி ஓடி ஈ பிடித்தன. மார்க்கெட் கழிவு கொட்டுகிற மூலையில்தான் ஈ அதிகம், அங்கேதான் வாலாட்டியும் அதிகம். இதை வைத்துக்கொண்டு கழிவு கொட்டுவது நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குளத்தை அழகுபடுத்துகிறேன் என்று சுற்றிலும் கல் பதித்து, செங்குத்தாகச் சுவர் எழுப்பிவிட்டால் இந்த ஓரச் சேறு போய்விடும் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். நடைபாதையில் நடக்கிறவர்களுக்குக் குளம் அழகாக இருக்கும். உள்ளானுக்கு அது கிணறு.

ஒரு பெரியவர், நடைப்பயிற்சிக்கு வந்தவர், எங்கள் பக்கத்தில் நின்று, “அந்தக் காலத்துல உள்ளான் கறி சாப்பிட்டிருக்கியளா? காடையெல்லாம் பக்கத்துல வர முடியாது” என்றார். 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் என்று நான் ஆரம்பித்தேன். “தெரியும், தெரியும். அதான் அந்தக் காலம்னேன்” என்று சொல்லிவிட்டு, பைனாகுலரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, “கண்ணுல மையெல்லாம் இட்டிருக்கே” என்றார். அப்படியென்றால் நீலச்சிறகியைத்தான் பார்த்திருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள் – தீபாவளி

குளத்துக்குப் போகவில்லை. டவுன் முழுக்கப் புகை. முந்திரிக்கொத்தும் அதிரசமும் வந்த வீடுகளுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்ததிலேயே நாள் போனது. சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, ராத்திரி சரம் வெடித்த மாதிரி மழை பிடித்தது. ஐப்பசி பிறந்ததை அறிவித்துவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. நான் ஜன்னலில் நின்று, சேறு போச்சே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு புத்தி.

அக்டோபர் 26, ஞாயிறு – நயினார்குளம்

நினைத்தபடியே. கரை தொட்டுத் தண்ணீர். பொரி உள்ளான் இல்லை, கொசு உள்ளான் இல்லை, நெடுங்கால் உள்ளான்கூட இல்லை. அமலை மொத்தமும் காற்றுக்கு ஒதுங்கி மார்க்கெட் பக்கம் வந்து அடைத்திருந்தது. போன ஞாயிறுகளில் நாங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன விழுது?”

“சிலேபி.”

“வேற?”

“வேற என்ன விழும்?”

கூழைக்கடாக்கள் வந்திருந்தன. ஆழம் வந்தால் அவை வரும். வரிசையாக நீந்தி, அரைவட்டம் போட்டு, ஒரே நேரத்தில் தலையைக் கவிழ்த்தன. தூண்டில்காரர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மீசை ஆலாக்கள் தண்ணீர்மேல் போகவும் வரவுமாக இருந்தன. ஒரு பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே வைத்து நீந்தியது. முக்குளிப்பான்கள் முன்பைவிட நிறைய.

பையன் பட்டியலைக் காட்டினான். போன தடவையைவிட ஒன்றிரண்டு இனம்தான் குறைவு.

“உள்ளான் போனா கூழைக்கடா வந்துருக்கே மாமா, எதுக்கு மூஞ்சத் தூக்கிட்டு இருக்கிய?”

பதில் சொல்லுமுன் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் வெங்காய மூட்டைகளோடு முக்கால் மணி நேரம் நின்றோம். லோடுமேன் அண்ணாச்சி வந்து, “இன்னைக்கு எத்தன கொக்கு?” என்றார். எண்ணிக்கையைச் சொன்னேன். “போன வாட்டியவிடக் கொறவுல்லா?” என்று அவர் கவலைப்பட்டதில் எனக்குப் பாதி மனசு தேறியது. காய் விலையும் சொன்னார். முருங்கைக்காய் மழையில் ஏறிவிட்டதாம். வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ சின்ன வெங்காயத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு – மானூர் வரை

போன உள்ளான் எங்கே போயிருக்கும் என்று தேடி மானூர்ப் பக்கம் போனோம். பெரிய குளம், அலை அடிக்கிற அளவு காற்று, கரையில் நின்றால் பைனாகுலர் ஆடுகிறது. புள்ளி மூக்கு வாத்து கொஞ்சம் தெரிந்தது. பாதி வழியில் மறுபடி மழை. ரசவடை சூடாகக் கிடைத்தது ஒன்றுதான் லாபம், இரண்டு 20 ரூபாய். மொபைல் நனைந்து, சார்ஜ் ஏறாமல், அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனி – டவுன், சாயங்காலம்

பறவைக்காக வரவில்லை. அக்காவின் நாத்தனார் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார், அவருக்கு இருட்டுக்கடை அல்வா வேண்டும். கீழரத வீதியில் வரிசை தேரடியைத் தாண்டி நின்றது. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கடையைப் பார்த்துக்கொண்டிருக்க, பையன் மட்டும் அண்ணாந்து பார்த்தான்.

“மாமா, சூறைக்குருவி.”

நெல்லையப்பர் கோபுரத்துக்கு மேலே ஒரு கூட்டம் வடக்கே போனது, பின்னால் இன்னொன்று. ரோஜா நிற உடம்பெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரியாது, கறுப்புப் பொடி மாதிரி விரிந்து சுருங்குவதுதான் தெரியும். மத்திய ஆசியாவில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்த்துவிட்டு இங்கே வருகிற கூட்டம். குளிர்காலம் முழுக்க இருக்கும். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, “என்ன பாக்கிய?” என்று கேட்டார், காட்டினோம். அவர் தன் முன்னால் நின்றவருக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வரிசையில் பாதிப் பேர் அண்ணாந்து நின்றார்கள். அந்த இடைவெளியில் ஓர் ஆள் புகுந்து எங்களுக்கு நாலு பேர் முன்னால் நின்றுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், சொல்லவில்லை. அல்வா கிடைத்தது. கையில் ஒட்டின நெய்யோடு பைனாகுலரைத் தொட்டதால் இப்போது ஒரு கண்ணாடியில் மட்டும் ஊரே பனிமூட்டமாகத் தெரிகிறது.

நவம்பர் 16, ஞாயிறு – கொண்டாநகரம் வயல்கள்

விடை இங்கே இருந்தது. சுத்தமல்லிப் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நேற்று பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பிசானத்துக்கு வயலில் தண்ணீர் கட்டி, உழுது சேறாக்கித் தொழி அடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் வெள்ளையாக உண்ணிக்கொக்கு. அது எப்போதும் இருக்கிறதுதான். ஆனால் அதற்கும் பின்னால் சின்னதாக ஏதோ ஓடியது.

இன்று விடியுமுன் வந்துவிட்டோம். நயினார்குளத்தில் காணாமல் போனதெல்லாம் இங்கே இருந்தது. சேற்றுக்கான இரும்புச் சக்கரம், கேஜ் வீல், மாட்டிய டிராக்டர் ஒரு சுற்றுப் போய் வந்தால், கலங்கின சேறு அடங்குமுன் பொரி உள்ளான்கள் இறங்கிவிடுகின்றன. மஞ்சள் வாலாட்டி கட்டி கட்டியாகத் தாவுகிறது. பட்டாணி உப்புக்கொத்தி ஓடி, நின்று, குனிந்து, மறுபடி ஓடுகிறது. குளம் நிரம்பி ஆழமானால் என்ன, அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வந்து, விரல்கடை ஆழத்தில் இத்தனை காணி பரந்து கிடக்கிறது. மழை சேற்றை முழுங்கிவிட்டது என்று நான்தான் மூன்று வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். சேறு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கார், பிசானம் என்று இந்த ஊர் நெல்லுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறதே, அந்தக் கணக்கில்தான் உள்ளானும் ஓடுகிறது.

வரப்பில் நடந்த பையனின் காலடியிலிருந்து ‘கிறீச்’ என்று ஒன்று கிளம்பி, வளைந்து வளைந்து பறந்து நாலு வயல் தள்ளி விழுந்தது. விசிறிவால் உள்ளான். அவன் பயந்து ஒரு காலைத் தொழிக்குள் விட்டான். செருப்பை எடுக்க முழங்கை வரை கை போனது. நாற்று பறித்துக்கொண்டிருந்த அக்காமார் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த பறவையும் எழுந்தது.

“ஏ தம்பி, நாத்து நட வாரியா? கூலி தாரோம்.”

“எவ்வளவுக்கா?”

“வெளையாட்டுக்குக் கேட்டா வெலை கேக்கான் பாரு.”

அவர்களே வாய்க்காலில் அவன் காலைக் கழுவச் சொல்லி, தூக்குவாளியிலிருந்து கடுங்காபி ஊற்றிக் கொடுத்தார்கள். கருப்பட்டி போட்டது. எனக்கும் ஒரு தம்ளர். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, அடுத்த வருஷம் மிஷின்தான் வரும் என்று ஒருவர் சொன்னார். மிஷின் வந்தாலும் தொழி அடித்துத்தானே ஆகவேண்டும் என்று நான் கேட்டேன். “உமக்கு உம்ம கவல” என்றார் அவர்.

ஒன்பது மணிக்கு டிராக்டர் நின்றது. ஓட்டியவர் சின்னப் பையன், இருபத்தைந்துக்குள் இருக்கும். என் கேமராவின் சின்னத்திரையில் பொரி உள்ளானைப் பெரிதாக்கிக் காட்டினேன். தினம் தன் சக்கரத்துக்குப் பின்னால் ஓடுகிற ஜந்துவின் முகத்தை அவர் அப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. “இதுவா சைபீரியாவுல இருந்து வருது? பெட்ரோல் போடாமலா?” என்றார். படத்தை அனுப்பச் சொன்னார். துபாயில் இருக்கிற அண்ணனுக்கு அனுப்பவேண்டுமாம்.

“அண்ணாச்சி, இது முடிஞ்சிட்டு. நாளைக்கு மேலவயல்ல தொழி அடிக்கோம். ஆறு மணிக்கு வந்துருங்க, அங்க இன்னும் நெறைய நிக்கும்.”

நாளை திங்கட்கிழமை. பையனுக்குப் பள்ளிக்கூடம், அதனால் அக்காவிடம் பேச்சு எடுக்க முடியாது. ஆபீசுக்கு மட்டும் அரை நாள் லீவு கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் ‘வயல் வேலை’ என்று எழுதினேன்.